சாட்சி மெசின்

ஏனுங்க, அந்தத் தவுட்டு மூட்டையைச் சித்த அக்கட்டால தள்ளி வெக்கறீங்களா? காலு நீட்ட எடமில்லை. நானும் கடைசி வரைக்கும் வரோணும். புதூருங்க. நீங்களும் புதூர்தானா? அப்பச் சரி, ஊரு வந்தாச் சொல்லுங்க, எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை.

என்ன சோலியா? ஒரு ஆளைப் பாக்கோணுமுங்க. பாத்து, ஒடம்பு எப்பிடி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கோணும். நல்லா இருக்கறேன்னு அவங்க வாயால சொல்லிட்டாப் போதும். அதை அப்பிடியே கொண்டுட்டுப் போயி எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தி மூஞ்சிக்கு நேரா சொல்லிப் போடுவேன். எம்பட இருவத்திரண்டு வருச சர்வீசு இப்ப அந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது. ஒறம்பரையா? சொந்தமும் இல்லை, தெரிஞ்சவங்களும் இல்லை. மூஞ்சியே பாத்ததில்லீங்க. யாருன்னு சொல்றேன், இருங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும். குறுக்க பேசுனா எனக்குக் கோத்து வராது.

எம் பேரு சென்னியப்பன். காங்கயத்துல ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் இன்சார்ஜ். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, சோறு போட்ட எடத்தை நானே பஸ்ஸுல சந்தி சிரிக்க வெக்கக் கூடாது. எம்பது பெட்டு. நல்லசாமி டாக்டரு அதை ஒரு ஓட்டு வீட்டுல ஆரம்பிச்சப்ப வந்த ஆளு நானு. மொதல் கம்ப்யூட்டரை வண்டியில இருந்து எறக்குனதே இந்தக் கையிதான். டோக்கன், பில்லு, மருந்து, லேப்பு, எல்லாம் எங்கிட்டதான். என்னையக் கேக்காம அந்த ஆஸ்பத்திரியில ஒரு பிளக்கைப் புடுங்க முடியாது.

அந்த எடத்துக்கு ரெண்டு வருசம் முன்னாடி வந்து சேந்தா பூங்கோதைன்னு ஒருத்தி. கோயமுத்தூருல பெரிய கம்பெனியில இருந்தவளாம். வயசு முப்பத்தொண்ணு. கீழ பேண்ட்டு, மேல துப்பட்டா இல்லாத சட்டை. அதை உடுங்க, அது அவங்கவங்க இஷ்டம். நானு அதையெல்லாம் பாக்கற ஆளு இல்லை. ஆனா வந்த மொத வாரத்துலயே, ‘சார், இந்த மெசின் நின்னா என்ன பண்ணுவீங்க?’ன்னு கேட்டா. இருவது வருசமா நிக்காத மெசினுங்க அது. அவ வாய் வெச்ச ஆறாவது மாசம் நின்னு போச்சு. ஒரு நாள் முழுக்கப் பில்லு கையில எழுதுனோம். டாக்டர் கூப்பிட்டு, இனிமே ஒரு மெசின் நின்னாலும் ஆஸ்பத்திரி நிக்கக் கூடாது, என்ன வாங்கோணுமோ ரெண்டு பேரும் பேசி வைங்கன்னு சொல்லிட்டாரு.

இதைப் புரிஞ்சுக்கோணுமுங்க, இதுலதான் எல்லாமே இருக்குது. இப்பெல்லாம் டோக்கனுக்கு ஒரு மெசின், லேப்புக்கு ஒரு மெசின்னு தனித்தனியா வாங்கறதில்லை. ஒரு பெரிய மெசினு வாங்கி, அதுக்குள்ளயே ஆறு மெசின் ஓடற மாதிரி பண்ணிக்கறது. ஒரு ஊட்டுக்குள்ள ஆறு குடித்தனம் இருக்கற மாதிரின்னு வெச்சுக்கங்க. நாங்க ரெண்டு பெரிய மெசின் வாங்குனோம். ஒண்ணு படுத்துட்டா, அதுல குடியிருக்கற ஆறும் மத்த ஊட்டுக்கு மாறிக்கும். செரி, ஆளு மாறிக்கலாம். சாமான்? அவங்க சட்டி பானை, அரிசி பருப்பு? அது ரெண்டு ஊட்டுக்கும் கைக்கு எட்டுற மாதிரி ஒரு எடத்துல இருந்தாகோணுமில்ல? ஆஸ்பத்திரியில சாமான்னா, எழுதி வெச்ச கணக்கு, ரிசல்ட்டு, சீட்டு எல்லாம். அதை எங்க வெக்கறதுங்கறதுதான் பிரச்சினை.

நானு சொன்னது ஒரு பெட்டி. ஸ்டோரேஜ் பெட்டிம்பாங்க. ரெண்டு மெசினுக்கும் பொதுவா ஒரு குடோன் மாதிரி. அதுக்குள்ள எல்லாமே ரெண்டு. கரண்டு வர்றது ரெண்டு, மூளை ரெண்டு, ஒயரு ரெண்டு. டிஸ்க்கு ஒண்ணு போனா ஓடிட்டே மாத்திக்கலாம். எல்லாம் ஒரே எடத்துல, எம்பட ரூம்புல, எம்பட கண்ணு முன்னாடி இருக்கும். அந்தக் கம்பெனிக்காரன் ரெண்டு தடவை கார் அனுப்பிச்சான், கோயமுத்தூருல நல்ல ஓட்டல்ல சாப்பாடு போட்டான், வாஸ்தவம். சோத்துக்காக நான் அந்தப் பெட்டியைச் சொல்லலீங்க. நல்ல பெட்டி. பாத்தாலே தெரியும், அத்தனை கனம்.

இவ சொன்னது என்ன தெரியுமா? பெட்டியே வேண்டாம்னா. ரெண்டு மெசினுலயும் டிஸ்க்கு போட்டு, இதுல எழுதறதை அதுலயும், அதுல எழுதறதை இதுலயும் அப்பப்பவே எழுதிக்கலாம்னா. ஒண்ணாம் நெம்பர் எங்க பழைய கட்டடத்துல, ரெண்டாம் நெம்பர் லேப்பு இருக்கற புதுக் கட்டடத்துல. ஒரு கட்டடம் எரிஞ்சு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னா. ஆஸ்பத்திரி எரியறதைப் பத்திப் பேசறாங்க, டாக்டர் தலையாட்டிக் கேட்டுட்டிருக்கறாரு.

நானு எம்பட பெட்டியைப் பத்தி இருவது நிமிசம் சொன்னேன். எல்லாம் ரெண்டு ரெண்டுன்னு வெரல் உட்டு எண்ணிக் காட்டினேன். முடிச்சதும் அவ கேட்டா.

‘எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குது சார். பெட்டி மட்டும் ஒண்ணுதானே இருக்குது?’

டாக்டர் சிரிச்சுட்டாரு. மரகதம் சிரிச்சுச்சு. மரகதம் லேப் இன்சார்ஜ், பதினெட்டு வருசமா எங்கூட டீ குடிக்கற பொம்பளை, அதுவும் சிரிச்சுச்சு. நான் வெளிய வந்துட்டேன், அவ சொன்ன மாதிரியே வாங்கச் சொல்லி டாக்டர் முடிச்சுட்டாரு. அன்னிக்கு இருந்து அந்தப் பூங்கோதைகிட்ட நான் பேசறதில்லீங்க. ஒண்ணரை வருசம் ஆச்சு.

ஒரே டிப்பார்ட்மென்ட்டுல பேசாம எப்பிடி ஓடும்னு கேக்கறீங்களா? நல்லாவே ஓடுச்சு. அவ ரெண்டாம் நெம்பரைப் பாத்துக்குவா, நான் ஒண்ணாம் நெம்பரைப் பாத்துக்குவேன். அவ கட்டடத்துக்கு நான் போறதில்லை, எம்பட ரூம்புக்கு அவ வர்றதில்லை. ஏதாச்சும் சொல்லோணும்னா மரகதத்துகிட்டச் சொன்னாப் போதும், அது இங்கயும் அங்கயும் நடந்து சொல்லிரும். அதுக்குக் காலு வலிக்குதுன்னு பொலம்பும். சிரிச்சதில்ல, நடக்கட்டும்.

இன்னொண்ணு பாருங்க. ரெண்டு மெசின் பத்தாதுன்னு மூணாவதா ஒண்ணு கேட்டா அவ. என்னத்துக்குன்னு டாக்டரே கேட்டாரு. ரெண்டுக்கும் நடுவுல ஒயரு அறுந்து போச்சுன்னா, அக்கட்டால இருக்கறது செத்துப் போச்சா, இல்லை ஒயருதான் போச்சான்னு ரெண்டுக்குமே தெரியாதாம். ரெண்டும் நான்தான் பொழச்சிருக்கறேன்னு நெனச்சுத் தனித்தனியா எழுத ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஒட்ட வெக்கவே முடியாதாம். அதுக்கு ஒரு சாட்சி வேணுமாம். மூணாவதா ஒரு சின்ன மெசின், சாமான் ஒண்ணும் வெக்க வேண்டாம், யாரு உசுரோட இருக்கறாங்கன்னு ரெண்டு பேருக்கும் சொன்னாப் போதுமாம். நான் டாக்டர்கிட்டத் தெளிவாச் சொன்னேன், ரெண்டு பேருக்கு நடுவுல மூணாவது ஆளு பூந்தா எந்தக் காரியம் வெளங்கியிருக்குதுன்னு. கேக்கலை. மருந்துக் கடையில ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேடி எடுத்து, ஒரு மூலையில வெச்சு, மேல காயிதம் ஒட்டிட்டா, இதை அணைக்கக் கூடாதுன்னு. நான் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டருக்கு எனக்கே நோட்டீசு.

செரி, ஒரு வருசம் ஓடுச்சு. ஒண்ணாம் நெம்பரு ஒரு தடவை படுத்துச்சு, ஒரு நிமிசத்துல எல்லாம் ரெண்டாம் நெம்பருக்கு மாறிக்கிச்சு, டோக்கன் போடற புள்ளைக்குத் தெரியக்கூட இல்லை. அதுக்கு டாக்டர் அவளுக்குக் கை குடுத்தாரு. ஓடற வரைக்கும் எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும்.

இந்த வருசம் ஆயுத பூசை வந்துச்சா. அந்த நோம்பி எங்க ஆஸ்பத்திரியில எம்பட பொறுப்பு. இருவத்திரண்டு வருசமா நான்தான் முன்ன நின்னு பண்றது. ஸ்கேன் மெசின், ஆம்புலன்ஸ், ஜெனரேட்டரு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, பொரி கடலை, பூசணிக்கா, ஒண்ணு விடமாட்டேன். பூசையில வெச்ச சாமானை அன்னிக்குத் தொடக்கூடாது, அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணுமில்ல? மறு நாள் காலையிலதான் எடுக்கறது. ஆனா ஆஸ்பத்திரியில எதைங்க நிறுத்த முடியும்? ஸ்கேன் நிக்க முடியாது, சர்வரு நிக்க முடியாது. பொட்டு வெச்சு உட்டர்றது, அது பாட்டுக்கு ஓடும். மொறையாப் பூசைக்கு வெக்க ஒரு கம்ப்யூட்டராச்சும் வேணும். எங்கெங்கயோ தேடுனேன். சோலியில்லாமச் சும்மா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த மருந்துக்கடைக் கம்ப்யூட்டரு. அணைச்சு எடுத்தாந்து, பலகை போட்டு உக்கார வெச்சு, செவ்வந்தி மாலை போட்டேன். அவ ஒட்டுன காயிதத்து மேலதான் சந்தனம் வெச்சேன். அவளைக் கேக்கலையான்னா? பேசறதில்லைன்னு சொன்னனில்ல.

ரூம்பும் பாக்க லட்சணமா இருக்கோணுமில்ல. ரெண்டு மெசினுக்கும் நடுவுல போற ஒயரு ரெண்டு. ஒண்ணு கூரை வழியாப் போகும், இன்னொண்ணு தரையில போகும். ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு அவ போட்டது. தரையில போறது காலுல இடறும், போட்டோவுல அசிங்கமா விழும். நானு ரெண்டையும் எடுத்து, ஒயரெல்லாம் கூடற ஒரே சின்ன ஸ்விட்சுப் பெட்டியில சொருகி, ஒட்டுக்கா கட்டி வெச்சேன். அத்தனை அழகா இருந்துச்சு. போட்டோ எடுத்து ஆஸ்பத்திரி குரூப்புல போட்டேன், நாப்பது பேரு கும்புடு போட்டாங்க. பத்து மணிக்குத் தேங்கா ஒடச்சு, கற்பூரம் காட்டி, தீர்த்தம் தெளிச்சேன். வருசா வருசம் தெளிக்கறதுதானுங்க. அந்தச் சின்னப் பெட்டி மேல நாலு சொட்டு விழுந்திருக்கும் போல. டப்புனு ஒரு சத்தம், அந்தப் பெட்டி லைட்டு அணைஞ்சு போச்சு. என்ன பெட்டி வாங்கி வெச்சிருக்கறாங்க, நாலு சொட்டுத் தண்ணி தாங்காது.

ஒயரும் இல்லை, சாட்சியும் இல்லைன்னா ரெண்டுமே தப்பா எழுதாமத் தானா நின்னுக்குமாம், அப்பிடியே ரெண்டு மெசினும் நின்னு போச்சு. பழைய கட்டடம், புதுக் கட்டடம், எல்லாத் திரையும் செவப்பு. டோக்கன் கவுண்டர்ல சனம் கத்துது. எம்பட ஃபோன் அடிக்குது, பாத்தா அவ. எடுக்கலை. மறுக்கா அடிக்குது. எடுக்கலை. அஞ்சு நிமிசத்துல மரகதம் மூச்சு வாங்க ஓடியாருது.

‘அண்ணா, உங்க மெசின் ஓடுதா நின்னு கெடக்குதான்னு பூங்கோதை கேக்குது. நின்னிருந்தா அவ அங்க இருக்கற ரெண்டாம் நெம்பரைக் கையில எழுப்பிக்குவாளாம். ஓடுனாத் தொடமாட்டாளாம். இது ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதுமாம்ணா.’

நான் சொன்னேன், அவ வாங்குன சாமான் அத்தனையும் செத்துக் கெடக்குது, போயிச் சொல்லுன்னேன்.

பொய்யில்லீங்க அது. அந்த நிமிசம் செத்துத்தான் கெடந்துச்சு. மரகதம் திரும்பிப் போன பொறகு நானு உக்காந்து, தட்டித் தட்டி, எம்பட ஒண்ணாம் நெம்பரை எழுப்பிட்டேன். ஒத்தை ஆளா எழுப்புனேன். டோக்கன் வந்துருச்சு, பில்லு வந்துருச்சு, சனம் அமைதியாயிருச்சு. எழுப்பிட்டேன்னு போயி அவகிட்டச் சொல்லோணுமா? பாத்துத் தெரிஞ்சுக்கட்டுமேன்னு இருந்தேன். எனக்கு அன்னிக்கு அத்தனை சந்தோசம். பொரி தின்னுட்டு உக்காந்திருந்தேன்.

அவளும் அங்க ரெண்டாம் நெம்பரை எழுப்பியிருக்கறா. செத்துக் கெடக்குதுன்னு நான் சொன்னனில்ல, அதை நம்பி. பழைய கட்டடத்துல எழுதறதெல்லாம் எம்பட மெசினுல, புதுக் கட்டடத்துல எழுதறதெல்லாம் அவ மெசினுல. ரெண்டு பக்கமும் பச்சை லைட்டு. ஆறு மணி நேரம் ஓடுச்சுங்க அப்பிடி. நாலு மணிக்கு ஒரு பேசண்டை ஊட்டுக்கு அனுப்பறப்ப, அவரு லேப் ரிசல்ட்டு எதுவும் எம்பட மெசினுல இல்லை. அப்பத்தான் தெரியுது.

இனி ரெண்டையும் சேக்கோணும். சேக்கறதுன்னா கலக்கறது இல்லீங்க. ஒண்ணை வெச்சுட்டு, இன்னொண்ணு மேல அதையே எழுதறது. ஒருத்தரோட ஆறு மணி நேரம் போயித்தான் ஆகும். மறுக்காவும் மரகதம் வருது. எதையும் தொட வேண்டாமாம். ரெண்டாம் நெம்பர் டிஸ்க்கை உருவித் தனியா வெச்சுரலாமாம். அவ கோயமுத்தூர் போயி வேற டிஸ்க்கு வாங்கியாறாளாம், நாலு மணி நேரத்துல வந்துருவாளாம். பொறகு உக்காந்து ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்துக்கலாமாம். சொல்லிட்டு வண்டியெடுத்துக் கெளம்பிப் போயிட்டா. நோம்பியன்னிக்கு நான் எதுக்குங்க அவளுக்காக நாலு மணி நேரம் காத்துட்டு உக்காரோணும்? ஒண்ணாம் நெம்பருதான் மூத்தது. பேரே ஒண்ணாம் நெம்பரு. வேற ஒரு சின்னப் பெட்டி மாத்தி, ஒயரைச் சொருகி, எம்படதை அவ மெசின் மேல எழுதறதுக்குத் தட்டி உட்டேன். நாப்பது நிமிசம் ஆச்சு. முடிஞ்சதும் எல்லாம் ஒண்ணா ஆயிருச்சு, அத்தனை சுத்தமா.

அவ திரும்பி வந்து பாத்தா. கையில அந்த டிஸ்க்கு அட்டைப்பெட்டியை வெச்சுட்டு, கதவுகிட்ட நின்னா. அப்புறம் போயிட்டா. திட்டியிருந்தாக் கூட நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

டாக்டர் என்னையக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, தொட வேண்டாம்னு மரகதம் வந்து சொல்லுச்சா இல்லையான்னு. சொல்லுச்சுங்கன்னேன். கொஞ்ச நாள் லீவுல இருங்க சென்னியப்பா, நானே கூப்பிடறேன்னாரு. ரெண்டு மாசம் ஆச்சு, கூப்பிடலை. அத்தனை வருசம் ஒழச்சதுக்கு இதுதான் மரியாதை. மரகதம் மாதிரி ஆளுக்குத்தான் காலம். அது கம்ப்யூட்டரை நம்பாம எல்லாத்தையும் ஒரு நீள நோட்டுல எழுதி வெக்கற பழக்கமுள்ள ஆளு. அதை வெச்சு ரெண்டு நாள் உக்காந்து போன ரிசல்ட்டையெல்லாம் திரும்ப ஏத்திருச்சு. பதினொண்ணு மட்டும் நோட்டுல இல்லை. அது ரத்தம் பாக்கற மெசினு நேரா கம்ப்யூட்டருக்கு அனுப்பறது, கையில எழுதறதில்லை. ரத்தத்தை மறுக்கா பாக்கலாம்னா, நோம்பின்னு லேப்பைக் கழுவிச் சுத்தம் பண்ணி, ரத்தம் புடிச்ச குழாயெல்லாம் அன்னிக்கே கழிவு வண்டியில தாட்டி உட்டாச்சு. அந்தச் சுத்தம் பண்றதும் நான் சொல்லித்தான் பண்ணுனாங்க, அதையும் எந்தலையில கட்டுனாங்க. பதினோரு பேரையும் ஃபோன் போட்டுக் கூப்பிட்டு, மறுக்கா ரத்தம் எடுத்தாங்க. பத்துப் பேரு வந்துட்டாங்க. ஒரு அம்மா மட்டும் வரலை.

டோக்கன் நோட்டுல இருக்கற ஃபோன் நெம்பருல ஒரு எண்ணு கொறையுது. ஒம்போதுதான் இருக்குது. வயசு நாப்பத்தாறு. ஊருன்னு போட்டிருக்கற எடத்துல புதூர்னு எழுதியிருக்குது. எந்தப் புதூர்னு எழுத வேண்டாமா? நம்ம பக்கம் எத்தனை புதூர் இருக்குதுங்க? தடுக்கி விழுந்தா ஒரு புதூரு. அதுதானுங்க எம்பட சோலி. பூங்கோதை டாக்டர் முன்னாடி சொன்னாளாம், அந்தம்மா ரிசல்ட்டுல என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, கண்டுபிடிக்காம உடக் கூடாதுன்னு. என்ன இருக்கப் போகுது? சும்மா ஒடம்பு அசதின்னு வந்து ரத்தம் குடுத்துட்டுப் போற பொம்பளைக்கு என்ன இருக்கும்? சாதாரணமாத்தான் இருந்திருக்கும். அதை நேருல பாத்து, அவங்க வாயாலயே கேட்டுட்டு வந்து சொல்றேன்னுதான் நான் கெளம்புனேன். பரிதாபப்பட்டெல்லாம் இல்லை. அவ வாயை மூடறதுக்கு.

எட்டுப் புதூர் பாத்தாச்சு, இது ஒம்போதாவது. அதுல ஏழு ஊருல என்ன கூத்து தெரியுமா? நானு போயிக் கேட்டா, ‘இதையே கேட்டுட்டு ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணு வந்துட்டுப் போச்சே’ங்கறாங்க. எனக்கு முன்னாடி போயி நிக்கறா. ஒரு ஊருல முந்தின நாளு, இன்னொரு ஊருல அன்னிக்குக் காலையில. மிச்ச ஒரு ஊருல நான் போயிட்டு வந்த பொறகு அவ போயிருக்கறாளாம், மரகதம் சொல்லுச்சு, அவகிட்ட ‘ஒரு பெரியவரும் வந்து கேட்டாரு’ன்னு சொல்லியிருக்கறாங்க. ரெண்டு பேரும் அதே எட்டு ஊரு. மரகதம் எம்பட ஊட்டுக்கு வந்து, ‘அண்ணா, நீங்க எந்தெந்த ஊரு, அவ எந்தெந்த ஊருன்னு எங்கிட்டச் சொல்லுங்க, பிரிச்சுக்கலாம்’னுச்சு. பிரிக்கறதுக்கு இதென்ன பாகமான்னு கேட்டு அனுப்பிச்சுட்டேன். ரெண்டு பேரு நெம்பரையும் ஃபோன்ல பிளாக் பண்ணிட்டேன். இந்த மாசத்துல பூங்கோதையே ரெண்டு தடவை ஊட்டுக்கு வந்தா. என்ன திமிரு பாருங்க, வாசல் வரைக்கும். ஆளில்லைன்னு சொல்லு, என்ன சொன்னாலும் காதுல வாங்காதே, கதவைச் சாத்திட்டு வான்னு ஊட்டுக்காரியை அனுப்பிச்சேன். என்னையத் தோத்துட்டேன்னு சொல்ல வைக்கறதுக்குத்தானே வந்திருப்பா.

இப்பச் சொல்லுங்க, நீங்க அந்த ஊருக்காரருதானே? உங்க புதூருல காளியம்மாள்னு யாராச்சும் இருக்கறாங்களா? நாப்பத்தாறு வயசு.

இருக்கறாங்களா?

யாரு, உங்க சின்னம்மாவா? ஆயுத பூசையன்னிக்குக் காங்கயத்துல ரத்தம் குடுத்தாங்களா? செரி, செரி. அவங்கதான். நானு சொல்லலை? நல்லா இருக்கறாங்களா?

என்னங்க சொல்றீங்க. ஸ்கூட்டர்ல வந்த பொண்ணா. எப்ப? மூணு வாரம் முன்னாடியா. காலெல்லாம் வீங்கிக் கெடந்தாங்களா. ரிசல்ட்டு வரலை, அதனால ஒண்ணுமிருக்காதுன்னு சும்மா இருந்துட்டாங்களா. அந்தப் பொண்ணு பாத்துட்டு, அப்பவே கார் வெச்சுக் கூட்டிட்டுப் போச்சா.

கிட்னியா.

வாரத்துக்கு ரெண்டு நாளு போயி ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வர்றாங்களா. செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும். மொதல்லயே ரிசல்ட்டு கைக்கு வந்திருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம்னு யாரு சொன்னது? அவளா? டாக்டரா. எந்த டாக்டரு? நல்லசாமி டாக்டரேவா.

இல்லீங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. தண்ணி வேண்டாம். சொல்லுங்க.

என்னையா? என்னையப் பத்தியா சொல்லிட்டுப் போனா? திருப்பிச் சொல்லுங்க. ‘எங்க சார் ஒருத்தர் இதே மாதிரி தேடிட்டு வருவாரு, வயசானவரு, ஃபோன் எடுக்க மாட்டாரு. வந்தா ஆள் கெடைச்சாச்சுன்னு சொல்லிருங்க, ஊரூரா அலைய வேண்டாம்’னு. ஊருல எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சுட்டுப் போனாளா. டீக்கடையில, ரேசன் கடையில எல்லாமா. எத்தனை கொழுப்புப் பாருங்க அவளுக்கு. நான் அலைஞ்சா அவளுக்கு என்ன?

எப்பிடி ரிசல்ட்டு போச்சுன்னு உங்க சின்னம்மாகிட்டச் சொன்னாளா? யாரு அழிச்சதுன்னு. எம் பேரைச் சொன்னாளா?

சொல்லலையா.

கம்ப்யூட்டர் கோளாறுன்னு மட்டும் சொன்னாளா.

ஊரு வந்துருச்சா? இல்லை, நானும் எறங்கறேன். மூட்டையை ஒரு பக்கம் நான் புடிச்சுக்கறேன், புடிங்க. உங்க சின்னம்மா ஊட்டை எனக்குக் காட்டிட்டு நீங்க போயிருங்க, நீங்க எங்கூட நிக்க வேண்டாம். அவங்க என்ன சொல்றாங்களோ கேட்டுக்கறேன். கம்ப்யூட்டருல ஒரு கோளாறும் இல்லீங்க. ரெண்டும் நல்லாத்தானுங்க ஓடுச்சு.